மினுங்கிய விரல்கள்

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கிறேன். அப்போது பத்து வயதான என் மகள் கண்ணாடித் தொட்டியில் ஒரு நீர்ப்பல்லிக் குட்டி வளர்த்தாள்; பார்க்கப் பல்லி மாதிரி, ஆனால் தவளை போலத் தண்ணீரில் வாழ்வது. பிறவியிலேயே முன்னங்கால் ஒன்று இல்லை என்பதால் வண்ணமீன் கடைக்காரர் இனாமாகக் கொடுத்தது. அதனால் இரையை எட்டிப் பிடிக்க முடியாது. தினமும் மண்புழுவை நறுக்கி, அதன் வாயருகே விரலால் நீட்டி ஊட்டுவாள்.

"நொண்டிக்கு இம்புட்டு சீராட்டா?" என்று சிரிப்பேன்.

அம்மாவோடும் கைக்குழந்தைத் தம்பியோடும் ஊருக்குப் போனபோது அதை என்னிடம் விட்டுப் போனாள். "சோப்புப் போட்டுக் கைய கழுவிட்டு ஊட்டுங்கப்பா. அதுக்குத் தோல் வழியாவே எல்லாம் உள்ள போயிரும்."

தீபாவளி சீசன். வேலை முடிந்து வந்த அலுப்பில், அலுமினியப் பொடி மினுங்கிய கையோடே ஊட்டினேன். தொட்டித் தண்ணீரில் வெள்ளியாக ஒரு படலம் மிதந்தது. காலையில் குட்டி மல்லாந்து கிடந்தது. அவர்கள் ஊரிலிருந்து திரும்புமுன் தண்ணீரை மாற்றிவிட்டேன்.

திரும்பி வந்தவள் கதறினாள்.

"ஏ புள்ள, நீ நறுக்கி வச்சிட்டுப் போன புழு கெட்டுப்போயிருந்துச்சு. நீதான் கொன்னுபுட்ட" என்றேன். அப்படியே நம்பிவிட்டாள்.

மறுநாள் தம்பிக்குச் சோறு ஊட்டச் சொன்னாள் அவள் அம்மா. மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நான் மாட்டேம்மா. என் கையால ஊட்டுனா தம்பியும் செத்துருவான்."

பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் நகக்கண்ணில் அந்தப் பொடி இன்னும் மினுங்கியது. சோற்றைப் பிசைந்தேனே தவிர, உண்மையைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவளும் இன்றுவரை யாருக்கும் ஊட்டுவதில்லை.