ஹசிந்தா எடுத்த இரண்டாவது படம்

இரண்டு உள்ளங்கைகளும் எக்ஸ்ரே தகட்டின் மேல் விரிந்து கிடந்தன. பனியில் கிடந்த கல்லைப் போலச் சில்லிட்டிருந்த அதை மெல்லத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தன. ஓரங்களில் கொஞ்சம், நெஞ்சு படும் இடத்தில் கூடுதலாக. ஒருரோ மலைநகரத்தின் காலைக் குளிரில் வெற்று மார்பை ஜில்லென்ற தகட்டில் வைத்தால் யாருக்கும் மூச்சு வெடுக்கென்று இழுக்கும். தோள் தூக்கிக்கொள்ளும், உடம்பு நடுங்கும், படம் கலங்கிப்போகும். தகட்டைச் சூடேற்றச் சொல்லி எந்த வகுப்பிலும் பாடம் கிடையாது. அந்தக் கைகள் தாமாகக் கண்டுபிடித்த பழக்கம் அது.

"அடுத்தவங்க வரலாம்" என்றாள் ஹசிந்தா காலிசாயா.

நோயாளி வரவில்லை. கையில் ஒரு எக்ஸ்ரே படத்துடன் டாக்டர் லிசாராசு வந்தார். தலையில் வண்ணக் காகிதத் துணுக்குகள். திருவிழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அது. மருத்துவமனை முழுக்க அறைகளுக்கும் கருவிகளுக்கும் காகிதச் சுருள் சுற்றி, வளம் வேண்டி வாசலில் சாராயம் தெளித்துக்கொண்டிருந்தார்கள். ஹசிந்தாவின் எக்ஸ்ரே கருவிக்கும் கழுத்தில் மஞ்சளும் சிவப்புமாக மாலை விழுந்திருந்தது. காகிதம் படத்தில் விழாது என்பதால் அவளும் தடுக்கவில்லை.

"ஹசிந்தாம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க. முந்தாநாள் நீங்க எடுத்ததுதான். கஞ்சிக்கடை எவரிஸ்டா, இருமலுன்னு வந்தா."

ஊதாச் சோளக் கஞ்சியும் பொரித்த அப்பமும் விற்கும் எவரிஸ்டாவைத் தெரியாதவர் அந்தத் தெருவில் இல்லை.

"சளியில கிருமி இல்ல. குழாய் வச்சுக் கேட்டாலும் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா வலது பக்கம் மேல, இந்த நிழல். காசமா இருந்தா நாளைக்கு அவளை ஆட விட முடியாது. அத்தனை பேரோட மூச்சு முட்ட ஆடுற ஆட்டம். நான் இதைச் சொன்னதுலேர்ந்து வாசல்ல உட்கார்ந்து அழுவுறா."

சுரங்கத்து மாதாவுக்கு மூன்று வருடம் திருவிழாவில் ஆடுகிறேன் என்று நேர்ந்துகொண்டவள் எவரிஸ்டா. சுரங்கச் சரிவில் சிக்கிய கணவன் உயிரோடு மீண்டதற்காக நேர்ந்தது. இரண்டு வருடம் ஆடியாயிற்று. நாளை ஆடினால் நேர்த்திக்கடன் தீரும். விட்டால் மறுபடி முதலிலிருந்து என்பது ஊரார் சொல்.

ஹசிந்தா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினாள். அவசரப்படாமல் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போனாள். அது அவள் வழக்கம். இந்த மருத்துவமனைக்குத் தரை துடைக்க வந்த காலத்தில், படம் கழுவும் இருட்டறைக்கு வெளியே கொடியில் காயும் படங்களுக்குக் கீழேதான் அவள் துடைப்பம் ஓடும். நிமிரும்போதெல்லாம் ஒரு நெஞ்சுக்கூடு கண்ணில் படும். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. சுரங்கத்தில் துளையிடுபவனின் நுரையீரல் எப்படி இருக்கும், சமையற்காரியினுடையது எப்படி இருக்கும் என்று பார்த்துப் பார்த்தே பிடிபட்டது. இந்த உயரத்து மக்களின் நெஞ்சுக்கூடு பெரிது, தகட்டைச் சற்று இறக்காவிட்டால் நுரையீரலின் அடி வெட்டுப்படும் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. பிறகு இரண்டு பெண்குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு மாலை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினாள். கால்சட்டை போட்டு வரச் சொன்னார்கள். அடுக்குப் பாவாடையின் மேலேயே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். புதுக் கருவி வந்து இருட்டறையை மூடிய அன்று சிலர் ஏக்கப் பெருமூச்சு விட்டார்கள். அவள் விடவில்லை. அந்த மருந்துத் தண்ணீரின் நாற்றம் சோற்றில்கூட அடித்ததை அவள் மறக்கத் தயாராக இருந்தாள்.

இப்போது அவள் விரல் நிழலின் மேல் நின்றது. பட்டையாக, லேசாக முறுக்கினாற்போல ஒரு நிழல். அதன் ஓரத்தைப் பிடித்து மேலே போனாள். நுரையீரல் முடிந்தது, நிழல் முடியவில்லை. காறை எலும்பைத் தாண்டிக் கழுத்துக்கே ஏறியது.

"டாக்டர், நோய் நுரையீரலை விட்டு வெளிய நடந்து போகுமா?"

அவர் குனிந்து பார்த்தார். "போகாதே."

ஹசிந்தாவின் கை தன்னையறியாமல் தன் தோளுக்குப் போயிற்று. அங்கே தொங்கிய இரட்டைச் சடையில் ஒன்றைப் பிடித்தது. அவளுக்குக் காது சுட்டது.

"ஐயோ, சடை! தோட்டைக் கழட்டு, சங்கிலியைக் கழட்டு, சால்வை ஊசியைக் கழட்டுன்னு நாள் பூரா கத்துறேன். சடையைத் தூக்குன்னு சொல்லல டாக்டர். அது கண்ணுலயே படல. காது மூக்கு மாதிரி அதுவும் உடம்புன்னு நினைச்சிட்டேன்."

"எங்க அம்மாவுக்கும் ரெட்டைச் சடைதான்" என்றார் டாக்டர் கன்னத்தைச் சொறிந்தபடி. "எனக்கு மட்டும் தோணுச்சா என்ன? ஆனா சடைன்னு நீங்க சொல்லிட்டா ஆச்சா? நிழலுக்குப் பின்னால வேற ஏதும் ஒளிஞ்சிருக்கலாம். திரும்ப எடுங்க. சுத்தமா இருந்தா ஆடட்டும்."

எவரிஸ்டா வந்தாள். கண் வீங்கியிருந்தது. பின்னாலேயே நாத்தனார் பெனீட்டா, அவள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. எவரிஸ்டாவின் சடை சாதாரணச் சடை இல்லை. ஆட்டத்துக்காகக் கம்பளி நூலும் ஒட்டுமுடியும் சேர்த்து முழங்கைப் பருமனுக்குப் பின்னி, நுனியில் மணிக்குஞ்சம் கட்டியிருந்தது.

"தங்கச்சி, இதைத் தலைக்கு மேல தூக்கிக் கட்டணும்."

"தொடாதீங்கக்கா! போன வாரம் ஒரு நாள் பூரா உட்கார்ந்து பின்னுனது. குலைஞ்சா நாளைக்கு யாரு பின்னுவா?"

"நாளைக்கு ஆட வேணாமா உனக்கு?"

"அதான் ஆடக்கூடாதுன்னுட்டாங்களே" என்று எவரிஸ்டா மறுபடி மூக்கை உறிஞ்சினாள்.

"போன படத்துல உன் சடைதான் விழுந்திருக்குன்னு நினைக்கிறேன். தப்பு என்னோடது. நெசமா இல்லையான்னு பார்க்கத்தான் தூக்கச் சொல்றேன்."

பெனீட்டா இடுப்பில் கை வைத்தாள். "அப்ப இவ்வளவு நேரமா இவ அழுத அழுகையெல்லாம் கம்பளி நூலுக்கா? நான் அப்பவே சொன்னேன், இவ்ளோ தடியாப் பின்னாதடின்னு. கேட்டாத்தானே! கயிறாக் கட்டி இழுத்தா லாரியே வரும்."

"நீங்க சும்மா இருங்க அண்ணி. உங்களுக்கு முடி இல்லன்னு பொறாமை."

"முடி இல்லாதவளுக்கு வியாதியும் இல்லடி."

ஹசிந்தா சிரித்தபடியே, பின்னலில் ஒரு இழைகூடப் பிசகாமல் சடைகளை உச்சியில் சுற்றி, கட்டுத் துணியால் இறுக்கினாள். மணிக்குஞ்சங்கள் நெற்றியில் தொங்கின.

"ஆட்டத்துக்குப் போற கடா மாதிரி இருக்கே" என்றாள் பெனீட்டா.

"சிரிக்காதீங்க ரெண்டு பேரும். சிரிச்சா படம் ஆடும். அண்ணி வெளிய போங்க. தங்கச்சி, நெஞ்சைத் தகட்டுல ஒட்டி நில்லு. தோளை முன்னால தள்ளு. மூச்சை நல்லா இழு. பிடி..."

கருவி ஒரு முறை முனகியது.

"விடு."

திரையில் நெஞ்சு எழுந்தது. ஹசிந்தா கீழிருந்து தொடங்கினாள். அடி, இதயத்தின் ஓரம், விலா ஒவ்வொன்றாக, வலது உச்சி. அங்கே கண் நின்றது. போனது, திரும்பி வந்தது. காறை எலும்புக்கு மேலும் கீழும் கரிய, தெளிந்த காற்று மட்டுமே இருந்தது. இடது உச்சியோடு ஒப்பிட்டாள். இரண்டும் ஒன்றுபோல.

டாக்டர் பார்க்காமல் நோயாளியிடம் எதையும் சொல்வதில்லை என்பது அவள் வைத்துக்கொண்ட விதி. எவரிஸ்டாவோ கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவள் முகத்தையே படித்துக்கொண்டிருந்தாள். ஹசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டாள்.

அவர் நின்றபடியே பார்த்தார், பிறகு உட்கார்ந்து பார்த்தார். "வெறும் ஜலதோஷம். குளிர்ல ஒத்திகைக்குப் போனா இருமாம என்ன செய்யும்? கஷாயம் குடிச்சிட்டு ஆடச் சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க" என்று எழுந்தார். வெளியே யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சாராயக் கிண்ணத்தை நீட்டினார்கள்.

அச்சுப் பெட்டியிலிருந்து படம் வெதுவெதுப்பாக வெளியே வந்தது. ஹசிந்தா அதை வெளிச்சத்துக்கு எதிரே ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். கைரேகை படாமல் ஓரத்தைப் பிடித்து உறைக்குள் நழுவவிட்டாள். கதவைத் திறந்தாள். உச்சியில் கட்டிய சடையோடு எவரிஸ்டாவும், அவள் தொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி பெனீட்டாவும் எழுந்து நின்றார்கள்.

"சுத்தமா இருக்கு தங்கச்சி. நாளைக்கு ஆடு" என்று சொல்லி ஹசிந்தா உறையை நீட்டினாள். எவரிஸ்டா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.