இல்லாத காய்ச்சலுக்கு ஒரு நன்றி மனு

மருதப்பனுக்கு மலாக்கா நகரச் சுகாதார ஆபிஸில் வேலை. முதுகில் ஒரு பித்தளைத் தொட்டி, கையில் ஒரு குழாய். காஜா பெராங் பக்கம் வீட்டு வாசல்களை ஒட்டி ஓடும் லோங்காங் என்னும் சாக்கடை ஒவ்வொன்றிலும் இறங்கி, கொசுப் புழு சாகும்படி சாக்கடைத் தண்ணீர் மேல் எண்ணெய் அடிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் இதையே செய்ததில் மண்ணெண்ணெய் வாடை அவர் உடம்பில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. "இவரு பக்கத்துல நின்னு யாரும் சுருட்டு பத்த வைக்காதீங்க, தெருவே போயிரும்" என்று அவர் மனைவி கண்ணம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைப்பாள்.

ஆள் ஒல்லி. முகத்தில் ஒரு கோடு அசையாமல் கேலி பேசுவார். பேசி முடித்து அவர் நான்கு வீடு தாண்டிப் போன பிறகுதான் கேட்டவனுக்கு உறைக்கும்.

ஜப்பான்காரர்கள் மலாக்காவுக்கு வந்த பிறகு எண்ணெயெல்லாம் லாரிகளுக்குப் போயிற்று. 1943ஆம் வருஷம், அவர்கள் கணக்கில் 2603, மருதப்பனின் தொட்டி அடியோடு காய்ந்தது. ஆபிஸின் பெரிய குமாஸ்தாவான தலைமைக் கிராணி கலியாணசுந்தரத்திடம் போய்ச் சொன்னார்.

கலியாணசுந்தரம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அந்த நாற்காலியில் இருப்பவர். ராஜாங்கம் மாறியபோது சுவரிலிருந்த படத்தை மட்டும் மாற்றிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"எண்ணெய் இல்லன்னா தண்ணி இருக்குல்ல? ஊத்தி அடி."

"தண்ணி மேல தண்ணியாங்க ஐயா?"

"வாரத்துக்கு ரெண்டு தடவை அடிச்சாச்சுன்னு ரிப்போர்ட் போகணும். எதை அடிச்சோம்னு எழுத அந்தத் தாள்ல எடமே இல்ல."

அன்றிலிருந்து மருதப்பன் சாக்கடைத் தண்ணீருக்குக் குழாய்த் தண்ணீர் அடித்தார். யாராவது என்ன என்று கேட்டால், "கொசுவுக்கும் குளிப்பாட்டு வேணும்ல, அதுவும் பிள்ளைகுட்டிக்காரி" என்பார். தெருவே சிரித்தது. அவரும் அதை ஒரு நல்ல வேடிக்கையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானம் ஆனால் போதும், சொல்லி வைத்த மாதிரி வீட்டுக்கு வீடு பற்கள் தந்தியடிக்கும். இருக்கிற சாக்கையெல்லாம் போர்த்தினாலும் நடுக்கம் அடங்காது. மருதப்பனின் ஆறு வயது மகள் மல்லிகா படுத்தாள். பக்கத்து வீட்டு நூர்ஜஹானின் மகன் யூசுப்பும் படுத்தான். அவனுக்கு நாலு வயது. அவன் தகப்பன் ஹனீபாவை சயாமில் ரயில் பாதை போட என்று பிடித்துக்கொண்டு போய் ஏழு மாதமாகியிருந்தது. நூர்ஜஹான் மரவள்ளிக்கிழங்கில் பலகாரம் சுட்டு விற்றுத்தான் பிழைப்பு.

கண்ணம்மாவும் நூர்ஜஹானும் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுகாதார ஆபிஸுக்குப் பக்கத்திலேயே இருந்த டிஸ்பென்சரிக்குப் போனார்கள். மருந்து அலமாரிச் சாவியும் கலியாணசுந்தரத்திடமே இருந்தது. அவர் தலைக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மருந்து இலவசம் என்று அதில் மலாயிலும் ஜப்பானிய எழுத்திலும் எழுதியிருந்தது.

"கொய்னா மாத்திரை வேணுங்க. குளிர் காய்ச்சல்" என்றாள் கண்ணம்மா.

"காஜா பெராங்லயா? அங்க காய்ச்சலே இல்லையேம்மா."

மல்லிகாவின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் அவருக்கும் கேட்டது.

"அப்ப இது என்னங்க?"

"இருக்கலாம். ரிப்போர்ட்ல இல்ல. எண்ணெய் அடிக்கிற எடத்துல காய்ச்சல் எப்படி வரும்? உன் வீட்டுக்காரர்தானே அடிக்கிறாரு, அவரையே கேட்டுப் பாரு."

தெருவே சிரித்த அந்த வேடிக்கை கண்ணம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கலியாணசுந்தரம் குரலைத் தணித்துக்கொண்டார். மருந்து இலவசந்தான், அதில் சந்தேகமே வேண்டாம் என்றார். ஆனால் சீட்டு எழுதாமல் மருந்து தர முடியாது. ஊரில் தாள் தட்டுப்பாடு. அதனால் சீட்டு ஒன்றுக்கு ஒரு கோழி. சீட்டுக்கு ஆறு மாத்திரை.

கண்ணம்மாவிடம் மூன்று கோழிகள் இருந்தன. மூன்றும் போயின; மல்லிகா பிழைத்தாள். நூர்ஜஹானிடம் ஒன்றுதான் இருந்தது. ஆறு மாத்திரையில் யூசுப்புக்குக் காய்ச்சல் இறங்கியது, பிறகு திரும்பவும் ஏறியது. கண்ணம்மா தன் மகளுடையதில் இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அது போதவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பையன் அடங்கிப்போனான்.

அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் மருதப்பன் வழக்கம்போல் தொட்டியில் தண்ணீர் பிடித்து முதுகில் ஏற்றிக்கொண்டார். நூர்ஜஹான் வீட்டு வாசலில் குழாயை நீட்டியவர், அதன் பிடியை அழுத்தவில்லை. குழாயை மடக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். ஒரு வாரம் அவர் வாயில் ஒரு கேலி கிடையாது. கண்ணம்மாவுக்குக் காய்ச்சலைவிட அதுதான் பயமாக இருந்தது.

எட்டாம் நாள் சோற்றுக்கு உட்கார்ந்தபோது பேசினார்.

"கண்ணம்மா, நாம குறை சொல்லி மனு குடுத்தா என்ன ஆகும்?"

"கிராணி கையிலதான் போகும். கிழிச்சுப் போடுவாரு. கெம்பெய்தாய் போலீஸ்கிட்ட உங்களைப் புடிச்சும் குடுப்பாரு."

"நன்றி சொல்லிக் குடுத்தா?"

அவர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. கண்ணம்மாவுக்கு உயிர் வந்தது.

தெரு முனையில் அப்துல் அஜீஸின் பலசரக்குக் கடை. சரக்கு என்று கருவாடும் உப்பும் மட்டுந்தான். வியாபாரமில்லாத பொழுதில் சாயங்கால வகுப்புக்குப் போய் ஜப்பானிய எழுத்துப் படித்து, சான்றிதழும் வாங்கிக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருந்தார். மருதப்பன் மனுவின் சாராம்சத்தைச் சொன்னதும் அவர் கடையின் முன்கதவைச் சாத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மருதப்பன், இதுக்குத் தலை போகும்."

"குறை சொன்னாத்தானே பாய் தலை போகும்? பாராட்டினதுக்குத் தலையை எடுத்தா அப்புறம் அவங்களை யாரு பாராட்டுவா?"

மேலே ஒரு வரியும் கீழே ஒரு வரியும் ஜப்பானிய எழுத்தில், நடுவில் மலாயில் எழுதினார்கள். காஜா பெராங்கில் முப்பத்தேழு பிள்ளைகளுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. கருணையே உருவான தலைமைக் கிராணி கலியாணசுந்தரம் அவர்கள் வீடு வீடாக வந்து, ஒரு கோழி இறகுகூட வாங்காமல், கொய்னா கொடுத்துக் காப்பாற்றினார். வாரம் இரண்டு முறை லோங்காங் எல்லாம் கறுப்பாக மின்னும்படி எண்ணெய் அடிக்கச் செய்தார். இதற்காக அதிகாரிக்கும் அரசாங்கத்துக்கும் தெருவே கடமைப்பட்டிருக்கிறது. கீழே பிள்ளைகளின் பெயர்கள்.

பெயர் எழுதும்போது நூர்ஜஹான் வந்து நின்றாள். "மருதப்பண்ணே, என் மவன் பேரையும் போடுங்க."

மருதப்பன் அஜீஸைப் பார்த்தார். "இது காப்பாத்தின பிள்ளைங்க பட்டியல் தங்கச்சி."

"தெரியும். அவனுக்கும் காய்ச்சல் வந்துச்சுல்ல. வந்தவன் பேரு எங்கயாவது ஒரு தாள்ல இருக்கட்டும்."

அந்தப் பெயரைப் போட்டால் வேடிக்கை கெட்டுவிடும் என்பது மருதப்பனுக்குத் தெரிந்தது. கெட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. பேனாவை மைக்கூட்டில் முக்கி அஜீஸிடம் நீட்டினார். "முப்பத்தேழை முப்பத்தெட்டுன்னு திருத்திக்குங்க பாய்."

மாதத்தின் எட்டாம் தேதி திடலில் ஊரைக் கூட்டி, கிழக்கே ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசை நோக்கிக் குனிந்து வணங்க வைப்பார்கள். அன்றைக்கு ஜப்பானிய சுகாதார அதிகாரியும் மேடையில் இருந்தார். பேச்சுகள் முடிந்ததும் அஜீஸ் பாய் முன்னால் போய், வகுப்பில் கற்றுக்கொடுத்த அளவு ஒரு விரல்கூடக் குறையாமல் குனிந்து மனுவை நீட்டினார். மொழிபெயர்ப்பாளர் அதை உரக்கப் படித்தார். தன் பெயர் வந்ததும் கலியாணசுந்தரம் முகம் மலர்ந்து மேடைப் பக்கம் குனிந்தார். 'காய்ச்சல்' என்ற சொல் வந்தபோது பாதி நிமிர்ந்திருந்தார். மீதி நிமிர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதிகாரி மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அரைகுறை மலாயில் சொன்னார்: "நல்லது. பத்து நாள் கழித்து வருகிறேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளையும் பார்க்கிறேன். போட்டோ எடுக்கலாம்."

அன்று சாயங்காலமே கலியாணசுந்தரம் சைக்கிளில் வந்து மருதப்பன் வீட்டு வாசலில் இறங்கினார். மூச்சு வாங்கியது.

"யாருடா எழுதினது?"

"நன்றிதானுங்களே ஐயா சொல்லியிருக்கு."

"காய்ச்சல் இல்லன்னு நான் ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன்டா."

"அப்ப மனு பொய்யின்னு போய்ச் சொல்லிருங்க. மருந்து குடுக்கலைன்னும் சேர்த்துச் சொல்லிருங்க."

கலியாணசுந்தரம் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "பத்து நாள்ல தேறிடுமா மருதப்பா?"

"வேளாவேளைக்கு மாத்திரை போனா தேறும். எந்த வீடுன்னு நான் வந்து காட்டறேன்."

அடுத்த பத்து நாள் காஜா பெராங் பார்த்த கூத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. தலைமைக் கிராணி காலையும் மாலையும் மாத்திரை டப்பாவோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். கொய்னா கசக்கும் என்று பிள்ளைகள் துப்பினார்கள். தென்னஞ்சர்க்கரைக் கட்டி தந்தால்தான் விழுங்குவோம் என்று ஒருத்தி ஆரம்பித்து வைக்க, மறுநாள் தெருவே அதைக் கேட்டது. கலியாணசுந்தரம் தன் வீட்டுச் சர்க்கரைப் பானையைத் தூக்கி வந்தார். "சீட்டு வேணாங்களா?" என்று ஒவ்வொரு வாசலிலும் தாய்மார் மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். "சும்மா இரும்மா" என்பார் அவர். எங்கிருந்தோ லாரியின் கழிவெண்ணெய் ஒரு பீப்பாய் வந்து சேர்ந்தது. மருதப்பன் பல மாதத்துக்குப் பிறகு கறுப்பு எண்ணெய் அடித்தார்.

பத்தாம் நாள் அதிகாரி சொன்னபடி வந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மொழிபெயர்ப்பாளர் பெயர் படிக்கப் படிக்க, அஜீஸ் பாய் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றும், ஜப்பானியத்தில் ஆஜர் என்பதாக, "ஹை" என்றது. மல்லிகாவின் "ஹை" எல்லாவற்றிலும் உரக்கக் கேட்டது. முப்பத்தேழு முடிந்தது.

"யூசுப் பின் ஹனீபா."

மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் முறை படித்தார். வரிசையின் கடைசியில் நின்ற நூர்ஜஹான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னே வந்தாள்.

"என் மகன், துவான். அடக்கம் பண்ணியாச்சு. மருந்துச் சீட்டுக்கு ஒரு கோழி கேட்டாங்க. என்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு."

மலாயில் சொன்னாள். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரி கலியாணசுந்தரத்தின் பக்கம் திரும்பினார்.

"உன் ரிப்போர்ட்டில் காய்ச்சல் இல்லை. இந்தச் சாலைக் கோடியில் என் சிப்பாய்கள் பதினோரு பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள். அவர்களைக் கடித்தது எந்த ஊர்க் கொசு?"

பதிலுக்குக் காத்திராமல் அதிகாரி சாக்கடையைக் குனிந்து பார்த்தார். கறுப்பாக மின்னியது. மருதப்பனிடம் கேட்டார்: "போன மாதம் எதை அடித்தாய்?"

எண்ணெய் என்று சொல்லியிருக்கலாம். மனுவும் அப்படித்தான் சொன்னது. மருதப்பன் நூர்ஜஹானைப் பார்த்தார்.

"தண்ணி, துவான்."

முதல் அறை கலியாணசுந்தரத்துக்கு. இரண்டாவது மருதப்பனுக்கு. தொட்டியோடு சாக்கடையில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. போட்டோவும் எடுக்கவில்லை.

கலியாணசுந்தரத்தை ரேஷன் கிடங்கில் உப்பு நிறுக்கப் போட்டார்கள். மருந்து அலமாரிச் சாவி, காயத்துக்குக் கட்டுப் போடும் ஒரு மலாய் டிரஸ்ஸரிடம் போயிற்று. கையிருப்பு தீரும்வரை, ஏழெட்டு மாதம், பலகையில் எழுதியிருந்தது நடந்தது. அந்த அதிகாரி ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கோபப்பட்டாரா, தன் சிப்பாய்களுக்காகவா என்று அஜீஸ் பாய் கடையில் வெகுநாள் வாதம் நடந்தது. முடிவுக்கு வருமுன் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒரு காலை நூர்ஜஹான் வீட்டு வாசலில் கால் கட்டிய ஒரு வெடைக்கோழி கிடந்தது. யார் வைத்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்; வாசல் மண்ணில் சைக்கிள் தடம் இருந்தது. அவள் கட்டை அவிழ்த்துவிட்டாள், வீட்டுக்குள் சேர்க்கவில்லை. அந்தக் கோழி தெருவெல்லாம் மேய்ந்து திரிந்தது. ஊர் கிழங்குக்கே அலைந்த அடுத்த வருஷத்தில்கூட அதை யாரும் பிடித்துக் குழம்பு வைக்கவில்லை. சண்டை முடிந்து ஹனீபா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தபோது, மகனைப் பற்றி அவரிடம் சொல்ல நூர்ஜஹான் மருதப்பனைத்தான் கூப்பிட்டாள். இரண்டு பேரும் கிளேபாங் கடற்கரைவரை நடந்து போய்விட்டுப் பொழுது சாய்ந்துதான் வந்தார்கள்.

அதிகாரி விட்ட அந்த அறையில் மருதப்பனுக்கு இடது காது பாதி போயிற்று. அதை அவர் ஒரு வசதியாகவே வைத்துக்கொண்டார். கண்ணம்மா ஏதாவது ஆரம்பித்தால் அவள் பக்கம் இடது காதைத் திருப்பிக்கொண்டு பொறுமையாகத் தலையாட்டுவார். அவள் பேசி முடிப்பாள். எழுந்து அவருக்கு வலப்புறமாகப் போய் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்குவாள்.