ஜெராக்ஸ் கடை அண்ணாச்சிக்குப் படம் கிடையாது

பொன்பாண்டி அண்ணாச்சி இன்று காலை இறந்துவிட்டார். எங்கள் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். மாரடைப்பு... ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கண்ணீர் அஞ்சலி கார்டில் இருப்பது அண்ணாச்சி இல்லை. அவருடைய மச்சினன் லிங்கதுரை. ஆள் உயிரோடு இருக்கிறார். தயவுசெய்து ஃபார்வர்ட் பண்ணுவதை நிறுத்துங்கள்!

அண்ணாச்சி தன் முகத்தை நெட்டில் எங்கேயும் விட்டதில்லை. கடை வாட்ஸப்பில் டிபி இல்லை, ஏதோ ஃபிராடு நம்பர் மாதிரி இருக்கிறது என்று கஸ்டமர்கள் நச்சரித்தார்கள். "மொகந்தான வேணும்? இந்தா பாத்துக்கோ" என்று மச்சினன் படத்தை எடுத்து வைத்துவிட்டார்.

இன்று வியாபாரிகள் குரூப் அட்மின் அந்த டிபியை எடுத்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, அனுப்பிவிட்டார். ஒரு போன் போட்டுக் கேட்க என்ன கேடு? முதல் ஆளாகப் போட வேண்டும், அவ்வளவுதான்.

லிங்கதுரைக்கு இது பழக்கம்தான் என்று சொல்ல வேண்டும். ஜவுளிக்கடை பில் கவுண்டரில் மொபைல் நம்பர் கேட்டால் அண்ணாச்சி கூசாமல் மச்சினன் நம்பரைச் சொல்வார். ஆடித் தள்ளுபடி, நகைச்சீட்டு, லோன் வேண்டுமா... எல்லாம் அந்த மனுஷனுக்குத்தான் போகும்.

என்னையும் குறைவாகப் படுத்தவில்லை. நான் ஹார்பர் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கிறேன். ஹார்பரில் லாரி நிற்கும், டிரைவர் போனில் கத்துவான், நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடப் பார்ப்பேன். விட மாட்டார்.

"ஏலே, ஒன் ஆதார் என் கம்ப்யூட்டர்ல கெடக்கு. வந்து அழிச்சிட்டுப் போ."

"நீங்களே அழிச்சிருங்க அண்ணாச்சி, லாரி நிக்கி!"

"நான் அழிச்சேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? ஒன் கையால அழில."

அழித்தால் மட்டும் போதாது. ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ண வேண்டும். அதற்கப்புறம்தான் கையில் பேப்பரைத் தருவார். எத்தனை தடவை பல்லைக் கடித்திருக்கிறேன்...

டார்ச் ஆப் ஒன்று கான்டாக்ட்ஸ் பார்க்க அனுமதி கேட்டதற்கு அன்றைக்கு முழுக்கக் கடையில் கத்திக்கொண்டிருந்தார். "வெளக்கு அடிக்கதுக்கு எங்க சொக்காரன், சொந்தக்காரன் நம்பர் எல்லாம் என்னத்துக்குல இவனுக்கு?" நியாயமான கேள்விதான். நான் எல்லாவற்றுக்கும் அலவ் கொடுக்கிற ஆள்.

ஹார்பரைப் பற்றி இங்கே நான் எழுதியதை ஒரு வெப்சைட் அப்படியே தூக்கி வேறு ஒருத்தர் பெயரில் போட்டது. கொதித்துப்போய் அண்ணாச்சியிடம் காட்டினேன். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தது என் தப்பு.

"திரேஸ்புரம் கடக்கரையில கருவாட்டக் காயப் போட்டுட்டு காக்கா மேல கேஸ் குடுக்கப் போறியால?" என்று கேட்டுவிட்டு அடுத்த கஸ்டமரைப் பார்க்கப் போய்விட்டார்.

அவருடைய பெரிய அழிச்சாட்டியம் அந்த பிளாஸ்திரி. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வெட்டி செல்போன் முன் கேமராமேல் ஒட்டியிருந்தார். சில வருஷமாக ஊருக்கு வராமல் மஸ்கட்டில் இருக்கும் மகள் செல்வி வீடியோ கால் போட்டால்கூட அதை உரிக்க மாட்டார். "பேச்சுதான கேக்கு, பெறகென்ன?" என்பார். அந்தப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் இருட்டைப் பார்த்துச் சண்டை போடும். இதில் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு, இன்றைக்கும் உண்டு.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். லிங்கதுரை அண்ணன், அத்தானின் கால்மாட்டில் நின்று அழுகிறார், போன் விடாமல் அடிக்கிறது. "உசுரோடதாம்ல இருக்கேன்... செத்தது எங்க அத்தான்..." சொல்லிச் சொல்லி அழுகிறார்.

அட்மினைக் கூப்பிட்டேன். "எல்லா குரூப்புக்கும் போயாச்சே அண்ணே. நீங்க ஒரிஜினல் போட்டோ அனுப்புங்க, மாத்திருவோம்" என்கிறான்.

அங்கே ஒரு சொந்தக்காரத் தம்பி ஸ்டாண்டை விரித்து லைவ் போட ரெடியாகிவிட்டான். செல்விக்கு நாளைக்குத்தான் ஃப்ளைட். அடக்கம் இன்றைக்கே. "லைவ் போட்டாதான மதினி, செல்வி பாக்கும்?" என்றான்.

அண்ணாச்சி மனைவி எழுந்தார். "லைவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவிய மொகத்த எம் மவ பாத்தா போதும். ஊர் பாக்காண்டாம்."

அந்த நேரம் அண்ணாச்சி போனுக்கு செல்வியின் வீடியோ கால் வந்தது. அம்மா எடுத்தார். அந்தப் பக்கம் அப்பா, அப்பா என்று சத்தம். இந்தப் பக்கம் வழக்கமான இருட்டு.

நகத்தால் சுரண்டிச் சுரண்டி அந்த பிளாஸ்திரியை உரித்தார். போனை அண்ணாச்சி முகத்துக்கு நேரே பிடித்தார்.

செல்வி கேட்டாள்.

"அப்பாக்கு மீசை எப்பம்மா நரைச்சுது?"

நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

திரும்பி உள்ளே போனபோது கால் முடிந்திருந்தது. அம்மா பிளாஸ்திரியைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தார். பசை போய்விட்டது, ஒட்டவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இதை எழுதலாமா என்று செல்வியிடம் கேட்டேன். "எழுதுங்கண்ணே. படம் மட்டும் போட்ராதிய" என்றாள்.

அதனால் கமெண்டில் யாரும் போட்டோ கேட்காதீர்கள். கிடையாது.

போயிட்டு வாங்க அண்ணாச்சி... என் ஃபைல் எல்லாம் அழிச்சாச்சு.