அப்பா மீனைக் கைது செய்த பிரேக் மாஸ்டர்

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். நம் மாஸ்டர் அதன்மேல் காலை வைத்தே பாதி ஆயுளைக் கழித்தவர். குறுக்கே போகலாமா என்று நாய் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் மிதித்துவிடுவார். அதனால் ஊரே அவரை பிரேக் மாஸ்டர் என்கிறது. தூக்கத்தில்கூடக் கட்டில் சட்டத்தை மிதிக்கிறார் என்பது அவர் மனைவியின் வாக்குமூலம்.

பல தடவை தேர்வில் கோட்டைவிட்டு ஒருவழியாக லைசென்ஸ் வாங்கிய ஒருவர், நன்றிக்கடனாக ஒரு ஜோடி கோமாளி மீன்களைக் கொடுத்தார். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. பெரியது ஆண், சின்னது பெண் என்று மாஸ்டர் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பளித்தார். விஷயம் தலைகீழ். இந்த இனத்தில் அம்மாதான் பெரிசு. முட்டையிட்டதோடு அவள் வேலை முடிந்தது. காவல் காப்பதும் துடுப்பால் விசிறுவதும் பெரும்பாலும் அப்பா பாடு. இது தெரிந்த நாளிலிருந்து மாஸ்டரின் மனைவிக்கு அந்த மீன்கள்மேல் தனி மரியாதை.

ஆனால் மரியாதை வேறு, ரூம் வேறு. மனைவி தையல்காரர். மீன் தொட்டி பின்பக்க ரூமில் ராஜாவாக இருக்க, தையல் மிஷின் சமையலறையில் ஃப்ரிட்ஜை இடித்துக்கொண்டு நின்றது. தைத்த ரவிக்கையில் வெங்காய வாசனை வருகிறது என்று ஒரு வாடிக்கையாளர் முகம் சுளித்த அன்று, வீட்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

"ஏங்க, இந்தத் தடவை குஞ்சு பொழைச்சா ரூம் மீனுக்கு. போச்சுன்னா மிஷினுக்கு."

"பொழைக்கும். எழுதி வச்சுக்கோ."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. மொத்தமும் பட்டினில செத்துச்சு."

உண்மைதான். பெரிய மீனுக்குப் போடும் தூளையே குஞ்சுக்கும் போட்டிருந்தார். பிறந்த குழந்தைக்கு முறுக்கு கொடுத்த மாதிரி. இந்த முறை ஏற்பாடு பலம். உயிரோடு நெளிவதைத்தான் குஞ்சு தின்னும் என்பதால், பாசி கலந்து பச்சையாகிப்போன தண்ணீர் பாட்டில்களில் ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத புள்ளி உயிர்களை வளர்த்தார். வீட்டுக்கு வந்தவர்கள் ஜூஸ் என்று நினைத்து ஆசையோடு பார்த்தார்கள்.

தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த மண்சட்டியில் அம்மா மீன் முட்டையிட்டது. ஒரு நாள் காலையில் மாஸ்டர் எட்டிப் பார்த்தபோது, அப்பா மீன் முட்டை ஒன்றை வாயால் பிய்த்துக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளையைத் தின்னும் பாவி. யோசிப்பது மாஸ்டரின் தொழிலில் இல்லை. வலையை விட்டார், அள்ளினார், பக்கெட்டில் அடைத்தார், நிம்மதியாக வகுப்பெடுக்கப் போனார். மாலையில் மீன் கடைக்காரரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னார்.

கடைக்காரர் தலையில் கை வைத்தார். "மாஸ்டர், அது கெட்டுப்போன முட்டைய பொறுக்கி எடுக்குது. விட்டா மத்ததும் பூசணம் பிடிச்சுடும். குப்பை அள்றவர ஜெயில்ல போட்டுட்டு, தெரு நாறுதேன்னா எப்படி?"

வாழ்க்கையில் முதல்முறையாக மாஸ்டர் பிரேக்கைத் தொடாமல் வீடு வந்து சேர்ந்தார். சட்டியில் ஒரு ஓரம் முழுக்க முட்டைகள் வெளுத்திருந்தன. விடுதலையான அப்பா, வழக்கு எதுவும் போடாமல், நேராகப் போய் வெளுத்ததை எல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு விசிற ஆரம்பித்தது.

"இதையாவது பாத்துக் கத்துக்கோங்க" என்றார் மனைவி.

"எத? விசிறதையா?"

"வாயத் திறக்காம வேலை பாக்குறத."

அதன்பிறகு மாஸ்டர் தொட்டி முன்னால் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பார்த்தால் கை சும்மா இருக்காது.

மிஞ்சிய முட்டைகளில் வெள்ளிக் கண்கள் மின்னியதும் சட்டியைச் சின்னத் தொட்டிக்கு மாற்றினார். கண்ணாடியின் பளபளப்பில் குஞ்சுகள் மோதிச் சாகும் என்பதால் சுற்றிலும் கறுப்புத் துணி கட்ட வேண்டும். லைனிங் துணி மனைவி கொடுத்தது. எதிர்க்கட்சிக்கு நன்கொடை. விளக்கணைத்த இருட்டில் குஞ்சுகள் பொரிந்தன; கண்ணும் வாலும் மட்டும் முளைத்த நூல் துணுக்குகள். சில செத்தன, பல ரோட்டிஃபரைத் தின்றன.

வெள்ளைக் கோடு விழுந்தால் கண்டம் தாண்டியது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மாஸ்டர் தினமும் உற்றுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு நாள், ஊசியில் நூல் கோக்கும் கண்ணோடு அவர் மனைவி குனிந்து பார்த்தார். அங்கேயே நின்றார். நினைத்திருந்தால் பேசாமல் போயிருக்கலாம். ரூம் ஆசை அவருக்கும் உண்டு.

"ஏங்க, கண்ணாடிய மாட்டிட்டு வாங்க. கோடு விழுந்திருக்கு."

"எதுல?"

"முதல்ல இதப் பாருங்க. அப்புறம் அந்த மூலை. அங்கயும் நாலஞ்சு."

மாஸ்டர் பார்த்தார். தலைக்குப் பின்னால் மெல்லிய வெள்ளைத் தையல். தானே போட்டது போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான்தான் சொன்னேனே."

"சொன்னீங்க. ரூம் உங்களுக்குத்தான். ஹால் எனக்கு. மிஷின ஜன்னல்கிட்ட போடணும், சோபாவப் பிடிங்க."

"சோபா எங்க போகும்?"

"ஜெயிச்சவர் நீங்க. உங்க ரூம்ல இடம் இருந்தா பாருங்க."

ஜெயித்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சோபாவின் கனமான பக்கமாகப் போய்க் குனிந்தார்.