குரல் தெளிவு: நன்று

நான் வேலை பார்த்த இலாகாவின் பெயர் இங்கே வேண்டாம். மலைப்பாதையில் விபத்து, காட்டில் தீ, வெள்ளகவி கிராமத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் தூக்கிவரும் நோயாளி என்று எது நடந்தாலும் வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்புகிற இலாகா என்றால் போதும். அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் நான் அதில் ஆபரேட்டர். மலைப்பாதையை மூடித் திறக்கும் கேட் இருந்த அடிவாரத்துச் சாவடியில் இன்னொரு ஆபரேட்டர் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பழனியில் கோயிலுக்கு வருகிறவர்களை நம்பிக் கடை வைத்திருக்கும் குடும்பம். கடையைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு, அரசாங்க வேலைதான் கௌரவம் என்று வந்தவர். எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் மாப்ளே. அவருடைய வேலை எப்படிப் போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன். அதில் என் கையும் இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டே படிப்பீர்கள்.

எங்கள் செட்டில் மற்றதெல்லாம் சரி, மைக் மட்டும் சரியில்லை. அதற்குள் கரித்தூள் போட்டிருப்பார்கள். பேசும்போது அந்தத் தூள் அசைந்தால்தான் குரல் போகும். கொடைக்கானல் பனியில் தூள் நமத்துக் கட்டிதட்டிவிடும். பிறகு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அடிவாரத்தில் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோலத்தான் கேட்கும். மைக்கை மேஜையில் தட்டுவேன். கணப்புச் சட்டிக்கு மேலே காட்டுவேன். துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சூடு ஏறினால் நாலு வார்த்தை தெளிவாகப் போகும், அப்புறம் பழைய கதைதான்.

நான் புகார் எழுதாமல் இல்லை. வந்த முதல் வருஷமே எழுதினேன். செட்டைக் கழற்றிச் சாக்கில் கட்டி பஸ்ஸில் சமவெளிக்கு அனுப்பச் சொன்னார்கள். பட்டறை இருந்த ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கும். போகிற வழியிலேயே மைக் காய்ந்துவிட்டது. அங்கே பேசிப் பார்த்தால் கணீரென்று கேட்டிருக்கிறது. இரண்டு மாதம் கழித்து செட் திரும்பி வந்தது, கூடவே ஒரு தாளும் வந்தது. செட்டில் பழுது ஏதும் இல்லை. ஆபரேட்டர் தெளிவாகப் பேசப் பழக வேண்டும். இலாகாவின் நேரத்தை வீணாக்கியதற்கு விளக்கம் தர வேண்டும். பனியில்தான் கெடுகிறது, பனியில் வந்து பாருங்கள் என்று விளக்கம் எழுதினேன். என்னைப் பணியில் உறுதிசெய்வதை ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள். அந்த இரண்டு மாதமும் மலையில் வயர்லெஸ்ஸே இல்லை. அதற்கு யாரிடமும் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

தினமும் காலை எட்டு மணிக்குத் தலைமையிடத்துப் பெரிய அதிகாரியே வயர்லெஸ்ஸில் வருவார். ஒவ்வொரு நிலையத்தையும் கூப்பிட்டு, குரல் எப்படிக் கேட்கிறது என்று விசாரிப்பார். சம்பிரதாயமான விசாரிப்புதான். கல்யாணப் பந்தியில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் நாம் என்ன சொல்வோமோ அதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். "ரொம்ப நல்லாக் கேக்குதுங்க ஐயா." பெரியவர் குரலைப் போய் நன்றாக இல்லை என்று யார் சொல்வது? சொன்னதை ரிஜிஸ்டரிலும் எழுதிவிட வேண்டும். குரல் தெளிவு என்ற கட்டத்தில் நன்று, சுமார், மோசம் மூன்றில் ஒன்று.

பெரியவர் குரல் சாவடிக்கு எட்டாது, அங்கே என் குரலைக் கேட்டுத்தான் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும்; அண்ணன் மட்டும் 'சுமார்' என்று எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தத் தாள் வந்த பிறகு, ஒரு விடுமுறையில் அடிவாரத்துக்கு இறங்கிப் போய் அவரைப் பார்த்தேன்.

"அண்ணே, உங்க ரிஜிஸ்டர்ல சுமார்னு கெடந்தா என் சோலி முடிஞ்சிரும். நான் ஒழுங்காப் பேசலைன்னுதான் அர்த்தம் பண்ணுவாங்க. எனக்காக நன்றுன்னே எழுதுங்கண்ணே."

"அதுக்கென்ன மாப்ளே, எழுதிட்டாப் போச்சு" என்றார். சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். மறுநாளிலிருந்து அவர் ரிஜிஸ்டரிலும் நன்று. பனி, மழை, இடி எல்லாவற்றுக்கும் நன்று. எனக்கும் வேலை உறுதியானது.

இரண்டு வருஷம் கழித்து ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல், பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து பாதையை அடைத்துவிட்டது. டெலிபோன் கம்பியும் அதோடு போயிற்று. பெருமாள்மலைக் கடைக்காரர் ஒருவர் மேலே வந்த லாரியில் ஏறிவந்து எங்களிடம் சொன்னார். எங்கள் நிலையத்து அதிகாரி என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"வெரசாச் சொல்லுய்யா. கேட்டை அடைக்கச் சொல்லு."

ஜன்னலைச் சாத்தியும் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் சொன்னேன். அடிவாரத்தில் காற்று வெதுவெதுப்பு, அண்ணனுடைய மைக் காய்ந்தே இருக்கும், அவர் குரல் எனக்குப் பக்கத்தில் இருப்பதுபோலக் கேட்டது.

"மாப்ளே, ஒண்ணும் வெளங்கல. இன்னொருக்காச் சொல்லு."

தட்டினேன், கணப்பில் காட்டினேன், மறுபடி சொன்னேன்.

"வெறும் இரைச்சலாக் கெடக்கு மாப்ளே. மெதுவாச் சொல்லு."

ஆறு தடவை சொன்னேன். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு தடவை சொல்லியாச்சுல்ல, இதுக்கு மேல என்ன செய்ய? நேரம் போட்டு, செய்தி அனுப்பப்பட்டதுன்னு எழுது" என்றார். எழுதினேன். அண்ணன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். உத்தரவு இல்லாமல் கேட்டை அடைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அரைமணி நேரத்தில், மேலே பூண்டி கிராமத்துக்குப் பூண்டு ஏற்றப் போன லாரி ஒன்றை அவர் மேலே விட்டார். சரிவுக்குப் பக்கத்தில், மிச்சமிருந்த பாதையும் அந்த லாரியின் பாரத்தில் இடிந்தது. கிளீனர் குதித்துவிட்டார். டிரைவர் லாரியோடு பள்ளத்தில் போனார்.

விசாரணைக்குப் பெரிய அதிகாரியே மலையேறி வந்தார், தினமும் எட்டு மணிக்கு விசாரிக்கும் அதே பெரியவர். வெயில் காய்ந்த நாள், மைக்கும் காய்ந்திருந்தது. அவரே பேசிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். அண்ணனை நிற்க வைத்தார்கள்.

"அன்னைக்கு ஒண்ணுமே கேக்கலங்க ஐயா."

பெரியவர் சாவடி ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். பக்கம் பக்கமாக நன்று. சரிவு நடந்த அன்று காலையிலும் நன்று.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதாங்க."

"இரண்டு வருஷமா நல்லாக் கேட்ட செட்டு, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் கேக்கலையா?"

மாப்ளே கேட்டுக்கொண்டதால் எழுதினேன் என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் நின்ற பக்கம்கூட அவர் திரும்பவில்லை. அடுத்து என்னைக் கேட்டார்கள், செட் எப்படி என்று. என் மனைவிக்கு எட்டாம் மாதம். ஒரு தாள் வாங்கியவனுக்கு இரண்டாவது தாள் என்ன ஆகும் என்பதும் தெரியும். இப்படிக் காரணங்கள் என்னிடம் நிறைய இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஒன்றாவது யோக்கியமானதாக இருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"நல்லாத்தான் கேக்கும்ங்க ஐயா" என்றேன்.

வெளியே வந்ததும் அண்ணன் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பஸ்ஸு போயிரும், வரேன் மாப்ளே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மாற்று ஆள் கிடைக்காததால் அவரே சாவடியில் வேலையைத் தொடர்ந்தார். இருபது நாள் கழித்து, ஒரு முற்பகலில், தலைமையிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மலையின் மறைவில் இருந்த சாவடிக்குத் தலைமையிடத்துச் செய்தி நேராகப் போகாது. எங்கள் நிலையம் வாங்கித்தான் சொல்ல வேண்டும்.

"அண்ணே, ஒரு செய்தி இருக்கு" என்றேன்.

"சொல்லு மாப்ளே, எழுதிக்கிறேன்."

வாசித்தேன். அவருடைய முழுப்பெயர், தகப்பனார் பெயர், செய்தி கிடைத்தும் கேட்டை அடைக்காத குற்றம், இன்று பிற்பகலிலிருந்து பணிநீக்கம். மேகமே இல்லாத நாள். பாழாய்ப்போன மைக் ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை. செய்தியை வாங்கியவர் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அண்ணன் தன் பணிநீக்கத்தைத் தலைப்பிலிருந்து கடைசி வரை நிதானமாகப் படித்துக் காட்டினார்.

"சரியா இருக்கா மாப்ளே?"

மைக் கையில் இருந்தது.

"மாப்ளே, நான் பேசறது கேக்குதா?"

நன்றாகக் கேட்டது. இரண்டு தடவை கூப்பிட்டார். பேசும் பொத்தானை அழுத்தாமலே மைக்கை மேஜையில் வைத்துவிட்டேன்.