தனப்பிரியா கேட்ட அரை மணி நேரம்

வெண்ணந்தூர் தனப்பிரியா திருடியாம்! ஒன்பது வருடமாக நாமக்கல் லாரி கம்பெனியில் நெட்வொர்க் பார்க்கிறவள். கல்யாணத்துக்குக்கூட மூன்றே நாள் லீவு எடுத்தவள். அவளைப் பார்த்துத்தான் மேனேஜர் குணசீலன் வாய் கூசாமல் கேட்டார்: "பாஸ்வேர்டை எவனுக்கும்மா வித்தே?"

நடந்தது இதுதான். சேலம் கிளையின் ரவுட்டருக்குள் வெளியாள் எவனோ புகுந்து செட்டிங்ஸ் முழுவதையும் அழித்துவிட்டான். ஒரு பகல் முழுக்க புக்கிங் இல்லை. லோடு ஏற்றிய லாரிகள் பில் இல்லாமல் வெயிலில் நின்றன.

புகாமல் என்ன செய்வான்? அந்த ரவுட்டரின் செட்டிங்ஸ் ஃபைல் தினமும் நாமக்கல் ஆபீசுக்கு வருவது பழைய எஃப்டிபி வழியில். கூடவே பாஸ்வேர்டும் திறந்தபடி வரும். நடுவில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அவ்வளவு மெனக்கெடவும் தேவையில்லை. முதலாளி கந்தப்பன் எல்லா லாரிக்கும் நம்பர் பிளேட்டின் கடைசி நாலு இலக்கம் ஒரே ராசி நம்பராக வரும்படி கேட்டு வாங்கியிருந்தார். அதையே பாஸ்வேர்டாகவும் போடச் சொன்னார். நாற்பது லாரிகளின் முதுகிலும் பெரிய எழுத்தில் ஊர் ஊராக ஓடுகிற பாஸ்வேர்டு! இதை விற்க ஒருத்தி வேண்டுமா?

ஆறு மாதமாகக் கெஞ்சினாள். "யாரும் நடுவுல படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பற எஸ்எஃப்டிபிக்கு மாத்திடலாமுங்க. பாஸ்வேர்டுக்குப் பதிலா கம்ப்யூட்டர்லயே புதுசா சாவி ஃபைல் உருவாக்கி, தனி யூசர் போட்டு, பழைய வழியை மூடிட்டாப் போதும். அரை மணி நேரம் லைனை நிறுத்தோணும், அவ்வளவுதானுங்க."

ஒவ்வொரு தடவையும் "லோடு நேரத்துல ஆகாது போ" என்று விரட்டியவர் இதே குணசீலன்தான். இப்போது முதலாளி முன்னால் அவளிடம் வெள்ளைத்தாளை நீட்டினார்.

"என் கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துரு. போலீசு கீலீசுன்னு போகாம முடிச்சுக்கலாம்."

கொழுப்பைப் பாருங்கள்! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தாளைப் பிடுங்கி எழுதினாள். தான் கேட்ட தேதிகள், அவர் சொன்ன பதில்கள், ராசி நம்பர் சமாச்சாரம், ஒன்றையும் விடவில்லை. கையெழுத்துப் போட்டு கந்தப்பனிடம் கொடுத்தாள்.

அவர் இரண்டு முறை படித்தார். முகம் சுருங்கிப்போயிற்று.

"செரி, விடு அம்மணி. இப்பவே அந்தப் புதுசைப் போட்டுரு. எத்தனை நேரம் வேணும்னாலும் நிறுத்திக்கோ."

"போடறனுங்க. அதுக்கு முன்னால, என்னையத் திருடின்னு சொன்னது தப்புன்னு இவரு சொல்லட்டுமுங்க."

"அதெல்லாம் எதுக்கு? வேலையைப் பாரு" என்றார் குணசீலன். முதலாளி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் உட்கார்ந்தாள். கோபம் ஆறவில்லை. ஆனாலும் ஒரு எழுத்தைக்கூடத் தப்பாக அடிக்கவில்லை. இருபத்தைந்தே நிமிடம். ஃபைல் பத்திரமாக வந்து சேர்ந்தது. எஃப்டிபியை மூடினாள். கடைசியாக யூசர் பட்டியலில் தன் பெயரையும் அழித்துவிட்டு, புதுச்சாவி இருந்த பென்டிரைவை கந்தப்பன் கையில் வைத்தாள்.

"இனி இதுக்குள்ள நானே வர முடியாதுங்க. அடுத்த தடவை களவு போனா வேற ஆரையாச்சும் கேளுங்க."

கைப்பையை எடுத்துக்கொண்டு, ஊருக்குப் போக ராசிபுரம் பஸ் ஏறப் போய்விட்டாள்.