அறுந்த இடத்தில் ஒரு கோடு

தறிச் சத்தம் கேட்காத வீட்டுக்குக் குடிபோக வேண்டும் என்பதுதான் புவனேஸ்வரியின் சின்ன வயது ஆசை. வீட்டுக்கு வீடு தறி ஓடும் பிள்ளையார்பாளையத்தில் இருந்துகொண்டு படக்கூடிய ஆசையா அது? அப்பா நமச்சிவாயம் பட்டு நெய்கிறவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மகளையும் தறியருகே உட்கார வைத்துவிடுவார். தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் இழை அறுந்தால், கண்ணில் பட்டவுடன் இரண்டு நுனியையும் எடுத்து விரலால் முறுக்கி இணைத்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் முதுகில் ஒரு சாத்து விழும்.

“அறுந்தத பாத்துக்கினே குந்திக்கினு இருக்கியே, கை எங்க போச்சு?” என்பார்.

அந்தக் கையைத் தறியிலிருந்து பிடுங்கிக்கொள்ளத்தான் அவள் விழுந்து விழுந்து படித்தாள். நிலவியலில் முதுகலை. அது நிலாவைப் பார்த்துச் சொல்லும் ஜோசியப் படிப்பா என்று தெருவில் கேட்டவர்களும் உண்டு. சென்னையில் எண்ணெய் தேடும் ஒரு தனியார் கம்பெனியில் வேலை கிடைத்தது. விடிகாலை ரயிலில் போய் இருட்டிய பிறகு வருவாள். ஏழு வருடம் இப்படியே ஓடியது. கல்யாணப் பேச்சைக்கூட அவளே தள்ளிப்போட்டாள். வேலை மேல் அப்படி ஒரு பைத்தியம்.

பூமியை அதிரவைத்து, அடியிலிருந்து திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குவார்கள். பாறை அடுக்குகள் அதில் வரிவரியாகத் தெரியும். எந்த அடுக்கு எங்கே போகிறது, எங்கே உடைந்திருக்கிறது என்று அவள் திரையில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். அப்படி ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துச் செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொள்ளும். பிறகு புதுப் படத்தைக் கொடுத்தால், இங்கே எண்ணெய் இருக்கலாம், இவ்வளவு நம்பலாம், இவ்வளவு சந்தேகம் என்று அதுவே சொல்லும். சந்தேகம் குறையக் குறையக் கம்பெனிக்குக் கொண்டாட்டம்.

மற்றவர்கள் கோடு ஆளுக்கொரு விதமாக இழுபடும். புவனேஸ்வரியின் கோடு மட்டும் பிசிறில்லாமல் போகும். அதனால் அவள் படங்களையே அதிகம் கொடுத்து இயந்திரத்தைப் பழக்கினார்கள். தலைமை நிலவியலாளர் இளங்கோவன் எல்லார் முன்னாலும், “இந்தப் பொண்ணு கையப் பாத்துக் கத்துக்கோங்கபா” என்றார். அன்று ரயிலில் அவள் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

போன வருடம் கடலடியில் ஓர் இடத்தைக் காட்டி, அநேகமாகச் சந்தேகமே இல்லை என்றது இயந்திரம். எண்ணெய்க்கு மேலே மூடிபோல ஒரு பாறை அடுக்கு இருந்தால்தான் அது அங்கே தங்கும். மூடி முழுசாக இருக்கிறதாம். துளை போட்டார்கள். ஒன்றுமில்லை. மேலே வந்த பாறைத் துண்டுகளில் எண்ணெய்க் கறை மட்டும் ஒட்டியிருந்தது. மூடியெங்கும் சின்னச் சின்ன உடைவுகள். எண்ணெய் எந்தக் காலத்திலோ அவற்றின் வழியே கசிந்து போயிருந்தது.

இளங்கோவன் அவளைக் கூப்பிட்டு, அவள் போட்ட பழைய கோடுகளைத் திரையில் ஓடவிட்டார். பெரிய உடைவுகளையெல்லாம் சரியாகக் குறித்திருந்தாள். சின்ன உடைவு வந்த இடங்களில் மட்டும் இரண்டு நுனியையும் சேர்த்து இழுத்திருந்தாள். ஒன்று விடாமல்.

“உனக்குத் தெரியாததாம்மா இது? ஏன் சேத்த?”

அவள் தெரிந்து செய்யவில்லை. மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தாள். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் எதையோ முறுக்குகிற மாதிரி உரசிக்கொண்டிருந்தன. அப்போதுதான் புரிந்தது, இது தறியில் பழகிய கை.

“மிஷினும் அதையே கத்துக்கிச்சு. உன் கோட எல்லாம் எடுத்துட்டு முதல்லருந்து பழக்கணும்.”

“எல்லாத்தையுமா சார்?”

“ஒண்ணுகூட வெக்க முடியாதும்மா.”

ஏழு வருடத்தை ஒரே மத்தியானத்தில் அழித்தார்கள். வேலையும் போயிற்று. அது போனது கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பூமிக்கு அடியில் அவள் பார்த்தது எதுவும் இனி எங்கும் இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டில் லீவு என்று சொல்லிவைத்தாள். அப்பா நெய்துகொண்டிருந்தார். அவருக்கு இப்போது கண் மங்கல்.

“புவனா, இழை ஒண்ணு அறுந்துக்கினு போச்சு. எங்கன்னு தெரியல, கொஞ்சம் பாரும்மா.”

போனாள். விரல்கள் தாமாகவே நுனிகளைத் தேடிப் பிடித்து முறுக்கின. முறுக்கி முடித்த பிறகு அறுந்த இடம் எதுவென்று அவளுக்கே தெரியவில்லை.

நமச்சிவாயம் தடவிப் பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார். “அடேயப்பா, கை அப்டியே இருக்குதுமா! எத்தினி படிச்சும் மறக்கலியே!”

அந்த இழையை அங்கேயே பிய்த்துப் போட்டுவிட வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. விரலை வைத்தாள். கை வரவில்லை.